போர்கன் ஏன் எனக்குப் பிடித்த அரசியல் தொடர்

அரசியலை வைத்து எடுத்த டிவி தொடர்களில் ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கலாம், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன், டென்மார்க்கின் 'போர்கன்'. அரசியல் தொடர் என்றாலே கொலை, சதி, கறுப்புப் பணம் என்று எதிர்பார்த்து உட்காருபவர்களுக்கு முதல் இரண்டு எபிசோட் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். இதில் பரபரப்பு முழுக்க நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வருவார்களா, மாட்டார்களா என்பதில்தான். அதை நகம் கடித்துக்கொண்டு பார்க்க வைக்கிறார்களே, அதுதான் இந்தத் தொடரின் சாதனை.

டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டிஆர் தயாரித்தது. 2010 செப்டம்பரில் தொடங்கி 2013 வரை மூன்று சீசன், சீசனுக்கு 10 எபிசோட். ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு 2022-இல் நெட்ஃபிளிக்ஸுடன் சேர்ந்து நான்காவதாக 8 எபிசோட் எடுத்தார்கள். உருவாக்கியவர் ஆடம் பிரைஸ். தொடக்க சீசன்களில் அவரோடு சேர்ந்து எழுதியவர்கள் யெப்பே கெர்விக் கிராம், தோபியாஸ் லிண்ட்ஹோம். போர்கன் என்பது கோபன்ஹேகனில் இருக்கும் கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனையை அந்த ஊர்க்காரர்கள் அழைக்கும் பெயர். நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் அந்த ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. அதனால் தொடரில் எல்லாரும் எல்லாரையும் தாழ்வாரத்தில் பார்த்துக்கொண்டே இருப்பது நாடக வசதிக்காகச் செய்த ஏற்பாடு இல்லை, அங்கே நிலைமையே அப்படித்தான்.

கதையின் மையம் பிர்கிட்டே நீபோர்க். மிதவாதிகள் என்ற நடுநிலைக் கட்சியின் தலைவர், கணவரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள நாற்பது வயதுப் பெண், எதிர்பாராமல் நாட்டின் முதல் பெண் பிரதமர் ஆகிறார். நடித்தவர் சிட்சே பாபெட் க்னுட்சன். அவருடைய சிரிப்பைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதலாம். முதல் சீசனில் முகம் முழுக்கப் பரவும் அந்தச் சிரிப்பு, போகப் போக ஒரு கருவியாக மாறுவதை நம் கண் முன்னாலேயே செய்து காட்டுகிறார்.

முதல் எபிசோடில் தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கின்றன. கூட்டாளியான தொழிலாளர் கட்சித் தலைவர் லாவ்கசன், அகதிகள் விஷயத்தில் திடீரென்று கடுமையான நிலைப்பாடு எடுக்கிறார். அப்படியென்றால் உங்களோடு சேர முடியாது என்று நீபோர்க் நேரலையிலேயே சொல்லிவிடுகிறார். யாரிடமும் கலந்து பேசவில்லை. அவருடைய ஊடக ஆலோசகர் காஸ்பர் யூலுக்குத் தலை சுற்றுகிறது. அதே நேரம் காஸ்பர் கைக்கு வேறொரு வழியில் சில ரசீதுகள் கிடைக்கின்றன. பிரதமர் ஹெஸல்போ, லண்டன் கடையில் மனைவி வாங்கிய பொருட்களுக்கு அரசாங்க அட்டையில் பணம் கட்டியிருக்கிறார். தொலைக்காட்சி விவாதத்தில் இதை எடுத்துப் போட்டால் ஆள் காலி. நீபோர்க் வேண்டாம் என்கிறார். காஸ்பர் கேட்கவில்லை, அதை லாவ்கசனிடம் கொடுக்கிறார். விவாதத்தில் லாவ்கசன் அந்த ரசீதுகளை விரித்துக் காட்ட, பிரதமரும் நாறுகிறார், காட்டியவரும் நாறுகிறார். எழுதி வைத்திருந்த உரையை ஒதுக்கிவிட்டு மனதில் பட்டதைப் பேசிய நீபோர்க் மட்டும் மேலே வருகிறார். காஸ்பரை வேலையிலிருந்து தூக்குகிறார்.

ஆக நேர்மையாக இருந்தார், ஜெயித்தார். ஆனால் அந்த வெற்றிக்குள் அவர் வேண்டாம் என்ற ரசீதும் இருக்கிறது. எழுதியவர்கள் இதை அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை, போகிற போக்கில் விட்டுவிடுகிறார்கள். சில எபிசோட் கழித்து அதே காஸ்பரை நீபோர்க் திரும்ப வேலைக்கு எடுக்கும்போதுதான் நமக்கு உறைக்கிறது.

இரண்டாவது எபிசோடின் பெயரே 'தொண்ணூறு வரை எண்ணு'. டென்மார்க் நாடாளுமன்றத்தில் 179 இடங்கள். 175 டென்மார்க்குக்கு, அதன் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் கிரீன்லாந்துக்கும் ஃபாரோ தீவுகளுக்கும் தலா 2. பாதிக்கு மேல் என்றால் 90. நூறு வருடங்களுக்கும் மேலாக அங்கே எந்தக் கட்சியும் தனியாக அந்த எண்ணைத் தொட்டதில்லை. 2 சதவீத வாக்கு வாங்கினாலே உள்ளே வந்துவிடலாம் என்பதால் எட்டு, பத்து கட்சிகள் இருக்கும். தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு கட்சித் தலைவரும் அரண்மனைக்குப் போய், ஆட்சி அமைக்கும் பேச்சுவார்த்தையை யார் நடத்தலாம் என்று அரசரிடம் (தொடர் வந்த காலத்தில் ராணியிடம்) சொல்ல வேண்டும். இன்னொரு நுணுக்கம், அரசு தன் பக்கம் 90 பேர் இருப்பதாக நிரூபிக்க வேண்டியதில்லை. தனக்கு எதிராக 90 பேர் சேராமல் இருந்தால் போதும். அதனால் அங்கே சிறுபான்மை அரசுதான் வழக்கம். ஆட்சியில் சேராமல் வெளியிலிருந்து ஆதரவு தரும் கட்சி ஒவ்வொரு பட்ஜெட்டிலும் தன் விலையைக் கேட்கும்.

இந்த விதிகளை விளக்க எழுத்தாளர்கள் யாரையும் பாடம் எடுக்க விடவில்லை. நீபோர்க்கின் பழைய நண்பரும் வழிகாட்டியுமான பென்ட் சைரோ பக்கத்தில் நின்று யார் யாருக்கு என்ன வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருப்பார். லாவ்கசன் நீபோர்க்கை ஓரங்கட்டித் தானே பிரதமராகப் பார்ப்பார். எதிரணியிலிருந்தும் இழுப்பு வரும். நாற்காலி கைக்கு வருவதும் நழுவுவதுமாக ஒரு மணி நேரம் ஓடும். நீபோர்க் கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: தனக்கு வேண்டாம் என்று எழுந்து போகத் தயாராக இருப்பவருக்குத்தான் பேரம் பேசும் பலம். இந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்த பிறகு, செய்தியில் கூட்டணிப் பேச்சுவார்த்தை என்ற சொல் வந்தால் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று எனக்குக் கண்ணில் தெரிகிறது. வேறு எந்தத் தொடரும் எனக்கு இதைச் செய்ததில்லை.

ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு கொள்கை விவகாரம் இருக்கும். நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் பெண்களுக்கு ஒதுக்கீடு என்று மசோதா கொண்டுவந்தால், நாட்டின் பெரிய தொழிலதிபர் கம்பெனியையே வெளிநாட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று மிரட்டுவார். குற்றம் செய்யும் சிறுவர்களுக்குத் தண்டனை வயதைக் குறைக்க வலதுசாரிகள் கிளம்புவார்கள். மூன்றாம் சீசனில் பன்றிப் பண்ணைகளில் கொட்டப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்து ஒரு முழு எபிசோட். பன்றி இறைச்சி ஏற்றுமதியில் வாழும் நாட்டில் அது எவ்வளவு பெரிய வெடி என்று யோசித்துப் பாருங்கள். டிஆர் நிறுவனத்தில் ஒரு கொள்கை உண்டு. மக்கள் பணத்தில் எடுக்கும் எந்த நாடகத்திலும் மேலே ஓடும் கதைக்கு அடியில் சமூகத்துக்கான ஒரு கேள்வியும் ஓட வேண்டும் என்பது. போர்கனில் அந்தக் கேள்வி ஒட்டவைத்ததுபோல் இருக்காது. மசோதா நிறைவேறுமா என்ற கேள்வியும், யாரைக் கைவிட்டால் நிறைவேறும் என்ற கேள்வியும் ஒன்றாகவே வரும்.

இதற்கு வீட்டுக்குள் வரும் கணக்கு இன்னும் கடுமை. நீபோர்க்கும் கணவர் ஃபிலிப்பும் முன்பே ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்: சில வருடம் உன் வேலைக்கு நான் விட்டுக்கொடுக்கிறேன், பிறகு என் முறை. அவர் மனைவி மேல் பொறாமைப்படும் வழக்கமான கணவர் இல்லை. நல்லவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். அவருடைய முறை வந்து, பிடித்த வேலையில் சேர்ந்தபோது, அரசு வாங்கப்போகும் போர் விமானங்களோடு அந்த நிறுவனத்துக்குத் தொடர்பு இருப்பது தெரிகிறது. சட்டப்படி பார்த்தால் சிக்கல்தான். வேலையை விடச் சொல்கிறார் நீபோர்க். அதைச் சொல்வது மனைவியா பிரதமரா என்று தெரியாத அந்தக் காட்சியில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஃபிலிப் வேலையை விடுகிறார். சீசன் முடிவதற்குள் விவாகரத்து கேட்கிறார். அந்தக் கடைசி எபிசோடின் பெயர் 'அக்டோபரின் முதல் செவ்வாய்'; டென்மார்க் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கூடும் நாள், பிரதமர் அன்று தொடக்க உரை ஆற்ற வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் குடும்பம் உடையும் என்று தொடர் மிரட்டுகிறது என்பது சிலர் சொல்லும் குறை. எனக்கு அப்படித் தெரியவில்லை. விலை கொடுப்பவர் நீபோர்க் மட்டும் இல்லை. காஸ்பருக்கு ஒரு உறவையும் தக்கவைக்கத் தெரியாது. அதன் காரணம் அவருடைய சிறுவயதுக் கொடுமையில் இருக்கிறது என்பதை இரண்டாம் சீசனில் மெல்லத் திறக்கிறார்கள். தொலைக்காட்சி செய்தித் தலைவர் தோர்பென் குடும்பத்தைத் தொலைக்கிறார். தொழிலாளர் கட்சியில் அடுத்து மேலே வரும் ஹோக்ஸன்ஹாவனின் அந்தரங்கம் பத்திரிகையில் வெளியாகி அவர் உயிரையே விடுகிறார். அந்தக் கட்டடத்துக்குள் நுழையும் எல்லாரிடமும் ஏதோ ஒன்று பிடுங்கப்படுகிறது. நீபோர்க் பெண் என்பதால் கூடுதலாக வருவது ஊடகத்தின் கேள்விகள்தான், அதைத் தொடர் தெளிவாகவே காட்டுகிறது.

இரண்டாம் சீசனில் மகள் லாராவின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அவளுக்குப் பதற்ற நோய். பொது மருத்துவமனையில் நெடுங்காலம் காத்திருக்க வேண்டும் என்பதால் தனியார் சிகிச்சை நிலையத்தில் சேர்க்கிறார்கள். அதே மாதங்களில் தனியார் மருத்துவமனைகளுக்கான சலுகையை வெட்டும் பெரிய சீர்திருத்தத்தைப் பிரதமராக நீபோர்க் முன்வைத்துக்கொண்டிருக்கிறார். எதிர்க்கட்சிக்கு வேறென்ன வேண்டும்? பத்திரிகைக்காரர்கள் சிகிச்சை நிலைய வாசலில் கூடாரம் போடுகிறார்கள். நீபோர்க் செய்வது, ஒரு பிரதமர் செய்து நான் திரையில் பார்க்காத காரியம்: விடுப்பு எடுக்கிறார். பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். திரும்பி வந்து தேர்தலை அறிவிக்கிறார்.

என்னை மிகவும் உலுக்கியது இவை எதுவும் இல்லை, பென்ட் சைரோவோடு உள்ள நட்பு. லார்ஸ் க்னுட்சோன் நடித்த அந்தத் தாடிக்காரப் பெரியவர்தான் நீபோர்க்குக்கு அரசியல் சொல்லிக் கொடுத்தவர், தப்பு செய்தால் மூஞ்சிக்கு நேராகச் சொல்பவர். பிரதமரான பின் அந்தக் குரல் தொந்தரவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக அவரை உள்வட்டத்திலிருந்து தள்ளுகிறார். பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணையர் பதவிக்காக பிரஸ்ஸல்ஸ் அனுப்பும் பேச்சு வருகிறது. கௌரவமான பதவி, ஆனால் தூரம். அந்த வயதில் அந்தச் சுமையை அவர் உடம்பு தாங்கவில்லை. கெட்டவர்கள் துரோகம் செய்தால் நமக்குக் கோபம் வரும். இங்கே நமக்குப் பிடித்தவர், ஒவ்வொரு படியிலும் சரியான காரணம் சொல்லிக்கொண்டே அதைச் செய்கிறார். மூன்றாம் சீசனில் நீபோர்க் பழைய கட்சியில் தலைமைப் போட்டியில் தோற்று, 'புதிய ஜனநாயகவாதிகள்' என்று புதுக்கட்சி தொடங்கும்போது பென்ட் பக்கத்தில் வந்து நிற்கிறார். அவர் வந்து நிற்பதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

பத்திரிகையாளர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். டிவி1 என்ற கற்பனைச் சேனலில் காத்ரினே ஃபொன்ஸ்மார்க் என்ற இளம் செய்தியாளர், ஹன்னே ஹோல்ம் என்ற அனுபவசாலி. ஹன்னே குடிப்பார், யாருக்கும் வளைய மாட்டார், கேள்வி கேட்க ஆரம்பித்தால் அமைச்சர்கள் வியர்ப்பார்கள். கட்சி துரத்திவிட்ட லாவ்கசன் மஞ்சள் பத்திரிகை ஆசிரியராகி எல்லாரையும் பழிவாங்குவார். செய்தியாளர்களை வேட்டை நாய்களாகவோ தியாகிகளாகவோ காட்டாமல், நேரத்துக்குச் செய்தி கொடுக்க ஓடும் வேலைக்காரர்களாகக் காட்டிய விதம் எனக்குப் பிடிக்கும். காஸ்பராக நடித்த பிலூ அஸ்பேக்கை உங்களில் பலர் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் யூரன் கிரேஜாயாகப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஆளே வேறு.

அப்புறம் கிரீன்லாந்து. முதல் சீசனின் நான்காவது எபிசோடில், அமெரிக்கா தன் கைதிகளை ரகசியமாக ஏற்றிச் சென்ற விமானங்கள் கிரீன்லாந்தின் தூலே ராணுவத் தளத்தில் இறங்கின என்ற தகவல் கசிகிறது. நீபோர்க் கிளம்பிப் போகிறார். ஒரு சம்பிரதாயப் பயணம் என்று நினைத்துப் போனவரை அந்த மக்களின் தலைவர் உட்காரவைத்து, தங்கள் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது யாரும் தங்களிடம் கேட்டதில்லை என்பதைச் சொல்கிறார். தற்கொலை செய்துகொள்ளும் இளைஞர்களைப் பற்றிச் சொல்கிறார். கோபன்ஹேகனில் பாதிக்கப்பட்டவர்போலப் பேசிய பிரதமர், இங்கே ஆள்பவரின் இடத்தில் நிற்கிறார். நல்ல எண்ணம் உள்ளவர் என்பதால் அந்த உறவு சமமாகிவிடாது என்பதை இந்த எபிசோட் தயங்காமல் காட்டுகிறது.

நான்காவது சீசன் முழுக்க இந்த விதையிலிருந்து முளைத்ததுதான். நீபோர்க் இப்போது வெளியுறவு அமைச்சர். அவரைவிட இளைய பெண் ஒருவர் பிரதமர். கிரீன்லாந்தில் எண்ணெய் கிடைக்கிறது. 2009-இல் வந்த தன்னாட்சிச் சட்டப்படி நிலத்தடி வளம் கிரீன்லாந்து மக்களுக்குச் சொந்தம், வெளியுறவும் பாதுகாப்பும் டென்மார்க் கையில். எண்ணெய்க்குப் பின்னால் முதலில் ரஷ்யத் தொடர்பு, பிறகு சீனப் பணம், மேலே அமெரிக்காவின் கோபம். இது யாருடைய விவகாரம்? பருவநிலைக்காகப் பேசிய கட்சியின் தலைவரான நீபோர்க் முதலில் எண்ணெய் கூடாது என்கிறார். பதவி ஆட்டம் காணும்போது அப்படியே திரும்பி நின்று ஆதரிக்கிறார். சூழல் ஆர்வலரான மகன் மக்னுஸ் அம்மாவை நம்ப முடியாமல் பார்க்கிறான். முதல் எபிசோடில் யாருடைய அசிங்கம் தாங்காமல் விலகினாரோ, அந்த லாவ்கசனையே ஆலோசகராக வைத்துக்கொள்கிறார்.

பல ரசிகர்களுக்கு இந்த சீசன் பிடிக்கவில்லை. எங்கள் நீபோர்க்கை இப்படிச் செய்துவிட்டார்களே என்று வருத்தம். எனக்கு இதுதான் முதல் சீசனுக்கு அடுத்த இடம். ஒன்பது வருடம் கழித்து திரும்பி வரும்போது ரசிகர்களுக்குப் பிடித்த அதே நல்லவரைக் கொடுத்திருக்கலாம், கைதட்டல் உறுதி. அதிகாரத்தில் இத்தனை காலம் இருந்த ஒருவருக்கு, அதைத் தவிர வாழ்வில் வேறெதுவும் மிஞ்சாத ஒருவருக்கு என்ன ஆகும் என்று நேர்மையாகக் கேட்டிருக்கிறார்கள். முந்தைய சீசன்களில் பென்ட்டுக்கும் ஃபிலிப்புக்கும் செய்ததைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெண் திடீரென்று வந்தவர் இல்லை.

நிஜ டென்மார்க்கும் இந்தத் தொடரை அடிக்கடி உரசிப் போயிருக்கிறது. தொடரில் பெண் பிரதமர் வந்து ஒரு வருடத்தில், 2011 அக்டோபரில், ஹெல்லே தோர்னிங் ஷ்மிட் அந்த நாட்டின் முதல் பெண் பிரதமரானார். 2019-இல் டொனால்டு டிரம்ப் கிரீன்லாந்தை வாங்க விரும்புவதாகச் சொல்லி, நான்காவது சீசனுக்கு முன்பே அந்தத் தீவை உலகச் செய்தி ஆக்கினார். இன்னும் ஒன்று: முன்னாள் பிரதமர் லார்ஸ் லோக்கே ராஸ்முசன் தன் பழைய கட்சியை விட்டு வெளியே வந்து நடுநிலைக் கட்சி ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயர் மிதவாதிகள். 2022 நவம்பர் தேர்தலில் 16 இடம் வாங்கி, அரசு அமைவதில் முக்கியப் பங்கு வகித்து, வெளியுறவு அமைச்சர் ஆனார். மூன்றாம் சீசனின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாம் சீசனில் காருன் என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டுக்கு நீபோர்க் சமாதானம் செய்துவைக்கும் இரண்டு எபிசோட் எனக்கு ஒட்டவில்லை. அந்த நாட்டு மனிதர்களுக்கு உருவமே இல்லை. கிரீன்லாந்தை அவ்வளவு கவனத்தோடு எழுதியவர்களா இவர்கள் என்று தோன்றியது. மூன்றாம் சீசனில் காஸ்பருக்கு வேலை குறைவு, அது நன்றாகவே தெரிகிறது. நீபோர்க்கின் புதுக் காதல் கதையையும் சுருக்கியிருக்கலாம்.

பார்ப்பதாக இருந்தால் வரிசையாகப் பாருங்கள். நான்காவது சீசன் தனியாகவும் புரியும், ஆனால் லாவ்கசன் அந்த அறைக்குள் நுழையும்போது வர வேண்டிய அதிர்ச்சி வராது. ஆங்கில டப்பிங் வேண்டாம், டேனிஷ் மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். க்னுட்சனின் குரல் ஏறி இறங்குவதில்தான் பாதி நடிப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை என்றால் முதல் சீசனின் பத்து எபிசோட் மட்டும் போதும், அதுவே முழுமையான கதை. அதற்கும் நேரம் இல்லை என்றால் முதல் இரண்டைப் பாருங்கள். தொண்ணூறு வரை எண்ணி முடித்த பிறகு உங்களால் அங்கே நிறுத்த முடியாது என்று நினைக்கிறேன்.